டிரைவாக நடித்த லேப்டாப்

பீளமேட்டில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் கணினித் துறையில் பிரவீனா பதினெட்டு வருஷமாக லேப் இன்ஸ்ட்ரக்டர். பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டுக்கொண்ட பதினோரு பேர் அந்தத் துறையில் இருந்தார்கள். புரொஜக்டர் எரியவில்லை என்றால் பதினோரு பேரும் கூப்பிடுவது அவளைத்தான். வந்து பார்த்தால் பெரும்பாலும் பிளக்கைச் செருகியிருக்க மாட்டார்கள். அவள் வாயே திறக்காமல் செருகிவிட்டு, அந்த ஆளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். அந்தப் பார்வைக்குப் பயந்து இரண்டு முனைவர்கள் பிளக்கைப் பார்க்கப் பழகிக்கொண்டார்கள் என்று மாணவர்களிடையே பேச்சு உண்டு.

காங்கேயத்தில் தேங்காய் எண்ணெய் மில்லில் சூப்பர்வைசராக இருந்தவரின் மகள் அவள். டிப்ளமோ முடித்து வேலைக்குச் சேர்ந்தாள். மாலை வகுப்பில் படித்து பி.இ. வாங்கினாள். பட்டம் வந்தது, பதவி வரவில்லை. அதற்காக அவள் அழுததில்லை. பதவி வந்தவர்களைப் பார்த்தபோது பெரிதாக எதையும் இழந்துவிட்டதாகவும் அவளுக்குத் தோன்றவில்லை.

அவளுக்கு ஒரு வேண்டாத வேலை இருந்தது. வேண்டாத வேலை என்பது அவள் கணவர் வைத்த பெயர். ஆறு வருஷத்துக்கு முன் உக்கடத்தில் யூனுஸ் பாயின் பழைய சாமான் கடையில் ஒரு அடாரி கம்ப்யூட்டரை எடுத்து வந்தாள். எண்பதுகளில் வீட்டில் வைத்துக்கொள்வதற்காக வந்த சாதனம் அது. கீபோர்டுதான் கம்ப்யூட்டர்; டிவியில் இணைத்தால் படம் வரும். புரோகிராமை எல்லாம் தனியாக ஒரு பெட்டி, அதாவது பிளாப்பி டிரைவ், வட்டிலிருந்து படித்துக் கொடுக்க வேண்டும். இந்த மாதிரிப் பழைய கம்ப்யூட்டர்களில் கம்ப்யூட்டர் சாவதில்லை, டிரைவ்தான் முதலில் செத்துப்போகும். மோட்டார், வட்டின்மேல் ஓடிப் படிக்கிற தலை, கிரீஸ் என்று அசைகிற பாகங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பிரவீனா டிரைவைத் தேடி அலையவில்லை. ஒரு பழைய லேப்டாப்பை எடுத்தாள். ஐந்து கம்பிகள் கொண்ட ஒரு கேபிளை அவளே சால்டர் வைத்தாள். கம்ப்யூட்டர் "முதல் டிரைவ் இருக்கிறதா, இத்தனாவது துண்டைக் கொடு" என்று கேட்கும்போது, "இருக்கிறேன், இந்தா" என்று லேப்டாப் பதில் சொல்லும்படி ஒரு புரோகிராம் எழுதினாள். வட்டின் நகல் லேப்டாப்பில் ஒரு கோப்பாக இருக்கும். நாற்பது வருஷத்துப் பெட்டிக்கு எதிரில் இருப்பது டிரைவா லேப்டாப்பா என்று கடைசிவரை தெரியாது. இதற்கான புரோகிராம்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அவற்றை இறக்கிக்கொள்வது அவளுக்கு அவமானமாக இருந்தது.

இந்த விஷயத்தில் ஆர்வம் உள்ளவர்களின் வாட்ஸாப் குழு ஒன்றிலும் இருந்தாள். அங்கே நாற்பது ஆண்கள் மஞ்சளான கீபோர்டுகளை வெள்ளையாக்கிப் படம் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ரேஸ் கோர்ஸில் ஒருவர் பதினான்கு கம்ப்யூட்டர்களைக் கண்ணாடி அலமாரியில் வைத்திருந்தார். அவற்றில் எதிலாவது ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா என்று பிரவீனா கேட்டாள். கரண்ட் கொடுத்தால் மதிப்புக் குறைந்துவிடும் என்று அவர் பதில் போட்டார். அன்றைக்கே அவள் குழுவிலிருந்து வெளியே வந்துவிட்டாள்.

கல்லூரியின் நாற்பதாம் ஆண்டு விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது சேர்மன் திருமலைசாமி அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவருடைய அறையில் மேஜைமேல் ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. உள்ளே அவள் வீட்டில் இருப்பதைப் போன்ற அடாரி ஒன்று, ஒரு டிரைவ், ஒன்பது வட்டுகள்.

அது என்னவென்று கல்லூரியில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. சேர்மனின் அப்பா வேங்கடசாமி, கல்லூரியின் நிறுவனர், 1986-இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்தது. அதில் அவர் தன் நூற்பாலைக்காகத் தன் கையாலேயே நூல் கணக்குப் புரோகிராம் எழுதினார் என்பது கல்லூரி வரலாறு. சேர்க்கைக் கையேட்டில் அது இருந்தது. இணையதளத்தில் 'கொங்கு மண்டலத்தின் முதல் புரோகிராமர்' என்று இன்னும் ஒரு படி மேலே போயிருந்தார்கள். பிரவீனா அதைப் படிக்கும்போதெல்லாம் மூக்கால் சிரிப்பாள். அரசியல்வாதிகளுக்கு டாக்டர் பட்டம் வருவதைப் போல, பணக்காரர்களுக்கு இறந்த பிறகு புரோகிராமர் பட்டம் வருகிறது என்பது அவள் எண்ணம்.

"ஏனுங்க அம்மணி, இதை ஓட வெச்சுப்போடலாமுங்களா?" என்று சேர்மன் கேட்டார். "அப்பா எழுதுன புரோகிராமை விழாவுல எல்லாரும் பார்க்கோணும். டாக்டருங்ககிட்டக் கேட்டேன். உங்க பேரைத்தான் சொன்னாங்க."

பதினோரு பேரும் கைவிரித்த பிறகுதான் தன் பெயர் வந்திருக்கிறது என்பது அவளுக்குப் புரிந்தது. பார்க்கிறேனுங்க என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

கம்ப்யூட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரைவில் கிரீஸ் கல்லாகிப்போயிருந்தது. அதைச் சுரண்டி ஓடவிட்டபோது, வட்டைப் படிக்கிற சிப்பும் போய்விட்டது தெரிந்தது. வட்டுகளில் இருப்பதை முதலில் வெளியே எடுக்க வேண்டும். யூனுஸ் பாயிடம் போய், பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய பெரிய பிளாப்பி டிரைவ் ஒன்றை வாங்கி வந்தாள். அதை ஒரு சின்ன சர்க்யூட் போர்டு வழியாக லேப்டாப்பின் யூஎஸ்பியில் செருகினாள். வட்டுகளில் பூஞ்சை பிடித்திருந்தது. ஸ்பிரிட் நனைத்த துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்து, மெதுவாகச் சுற்றவிட்டு நகல் எடுத்தாள். ஒன்பதும் நகலாக இரண்டு நாள் பிடித்தது.

நகல்களைத் தன் கேபிள் வழியாக வேங்கடசாமியின் அடாரிக்குக் கொடுத்தபோது அது ஏற்க மறுத்தது. தன் வீட்டு அடாரியில் ஒழுங்காக ஓடுவது இங்கே ஏன் நின்றது என்று ஒரு நாள் முழுக்கத் திணறினாள். கேபிளைச் சந்தேகப்பட்டுப் பிரித்து மறுபடியும் சால்டர் வைத்தாள். கடைசியில் தவறு அவளுடையது. இந்த முறை கொண்டுவந்தது வேறு லேப்டாப். அதன் யூஎஸ்பி அமைப்பு, வருகிற எழுத்துகளைக் கொஞ்ச நேரம் சேர்த்து வைத்துத்தான் கொடுத்தது. ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால் அதில் பதினாறு பங்கு நேரம். அதற்குள் பழைய பெட்டி பொறுமை இழந்து, டிரைவ் இல்லை என்று முடிவு செய்துவிடுகிறது. பதினாறை ஒன்றாக்கினாள். டிவிப் பெட்டியின் ஸ்பீக்கரில் குருவி கத்துவதைப் போல டிப் டிப் என்று சத்தம் வந்தது. படம் வந்தது.

கொங்கு மண்டலத்தின் முதல் புரோகிராமர் வைத்திருந்த ஒன்பது வட்டுகளில் ஆறு விளையாட்டுகள். விண்கலத்தைச் சுடுவது, தவளையை ரோடு தாண்ட வைப்பது, இப்படி. ஒன்றில் யாரோ பத்திரிகையிலிருந்து பார்த்து அடித்துப் பாதியில் விட்ட ஜாதகப் புரோகிராம். ஒன்று வெற்று வட்டு. ஒன்பதாவதில்தான் நூல் கணக்கு இருந்தது. நூல் துண்டுகளின் எடைகளைக் கொடுத்தால் நூல் எவ்வளவு மெல்லிசு என்று, ஆலைப் பேச்சில் கவுண்ட், அது சொல்லும்.

பிரவீனா அதன் வரிகளைத் திரையில் ஓடவிட்டுப் படித்தாள். எழுதினவர் யாரோ, தலை உள்ள ஆள் என்று அவளுக்கு ஐந்தாவது வரியிலேயே தெரிந்தது. ஆனால் அது யார் என்பது முதல் வரியிலேயே இருந்தது. ஓடும்போது திரைக்கு வராத குறிப்பு வரியில், ஆங்கில எழுத்தில், 'டி. மெர்சி, ஆகஸ்ட் 86' என்று எழுதியிருந்தது.

கல்லூரி அலுவலகத்தில் பாலுசாமி என்றொரு சூப்பரின்டென்டன்ட் இருந்தார். ஆலையிலிருந்து கல்லூரிக்கு வந்தவர்களில் மிஞ்சியிருந்தவர் அவர் ஒருவர்தான். மெர்சி யாருங்க என்று கேட்டதும், நூல் சோதனை லேபில் இருந்த பொண்ணு, கணக்குல பி.எஸ்சி, கொஞ்சம் வாய் ஜாஸ்தி என்றார். ஊருக்குள்ளேயே சுங்கம் பகுதியில் இருப்பதாகச் சொல்லி ஒரு நம்பரையும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, நான் கொடுத்ததாகச் சொல்ல வேண்டாமுங்க என்றும் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிரவீனா போனாள். மெர்சிக்கு அறுபத்து மூன்று வயசு, காட்டன் நைட்டி, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி. ஆலை மூடிய பிறகு ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வழியெல்லாம் பிரவீனா அந்தக் காட்சியை மனசில் ஓட்டிப் பார்த்திருந்தாள்: புரோகிராமின் அச்சுப் பிரதியைக் கையில் கொடுப்பாள், அந்தம்மாவின் கண் கலங்கும். மெர்சி அதை வாங்கி, கண்ணாடியை இறக்கி, இரண்டு நிமிஷம் படித்தார்.

"இந்தக் குப்பையையா தேடி எடுத்தீங்க?" என்றார்.

நல்லா எழுதியிருக்கீங்களே அம்மா என்றாள் பிரவீனா.

"இருநூத்தி முப்பதாவது வரியைப் பாருங்க கண்ணு. இருபது எடைக்குத்தான் இடம் விட்டிருக்கேன். இருபத்தொண்ணாவது எடை போட்டா ஒன்பதாம் நம்பர் பிழைன்னு நின்னுக்கும். லேபுல ஒரு ஷிப்டுக்கு நாப்பது எடுப்போம். பாதில நின்னா முதல்ல இருந்து போடோணும். ஒரே வாரத்துல எல்லாரும் பழையபடி அட்டவணைப் புஸ்தகத்துக்கே போயிட்டாங்க."

அதைச் சரிசெய்ய ஒரு வரியை மாற்றினால் போதும். அதற்கு மெர்சிக்குக் கம்ப்யூட்டர் கிடைக்கவில்லை. அது முதலாளி அறைக்குப் போய்விட்டது. வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தால் மெர்சியைக் கூப்பிடுவார்கள். மூன்று எடைகளைப் போட்டுக் காட்டச் சொல்வார்கள். வந்தவர்கள் கை தட்டுவார்கள். பிழையைப் பற்றி முதலாளியிடமே சொல்லிப் பார்த்தாராம். வர்றவங்க மூணுக்கு மேல கேக்க மாட்டாங்க, விடும்மா என்று சொல்லிவிட்டாராம்.

"அவரு எழுதுனதா எல்லாப் பக்கமும் போட்டிருக்காங்க" என்றாள் பிரவீனா.

மெர்சிக்கு அது தெரிந்திருந்தது. அக்கா பேரன் அந்தக் கல்லூரியில்தான் படித்தானாம். "அவரு கீபோர்டுல கை வெச்சு நான் பார்த்ததே இல்லீங்க. ஜாய்ஸ்டிக்குதான்" என்றார். பெயரைப் பறித்ததைப் பற்றிக் கோபமாக ஒரு வார்த்தை வரவில்லை. ஆனால் இருநூற்று முப்பதாவது வரியைப் பற்றி அன்று மாலைக்குள் நான்கு தடவை பேசினார். கிளம்பும்போது, அதை இப்ப மாத்த முடியுமுங்களா என்று கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை மெர்சி லேபுக்கு வந்தார். டிரைவ் எங்கே என்று கேட்டார். பிரவீனா லேப்டாப்பைக் காட்டி விஷயத்தைச் சொன்னாள். மெர்சி கேபிளைத் தூக்கிப் பார்த்துவிட்டு, இதுவாவது சொன்ன நேரத்துக்குப் பதில் சொல்லுதே என்று உட்கார்ந்தார். வட்டின் நகல் ஏறியது. பத்து விரலும் கீபோர்டில் ஓட, இருபதை ஐம்பதாக்கி, வரியைத் திருப்பி அடித்துச் சேமித்தார். பிறகு கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். நாற்பது எடைகளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு வந்திருந்தார். ஒவ்வொன்றாக அடித்தார். இருபத்தொன்று வந்தது, தாண்டியது. நாற்பதும் முடிந்து சராசரிக் கவுண்ட் திரையில் வந்ததும், தாளின் பின்பக்கம் கையால் போட்டு வைத்திருந்த விடையோடு சரிபார்த்தார். சரியாக இருந்தது. ம், என்றார். அவ்வளவுதான்.

முதல் திரையில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்று பிரவீனா கேட்டாள். எதுக்குங்க என்றார் மெர்சி. தாளை மடித்துக் கைப்பையில் வைத்துவிட்டு, போடறதா இருந்தா இனிஷியலோட போடுங்க என்றார்.

விழாவுக்கு முந்தின நாள் சேர்மன் பார்க்க வந்தார். நூலகத்து முன்வாசலில் சிவப்பு வெல்வெட் விரித்த மேஜையில் கம்ப்யூட்டர் இருந்தது. பின்னால் ஆளுயரத்துக்கு வேங்கடசாமியின் படம். திரையில் 'நூல் கணக்கு, எழுதியவர் டி. மெர்சி' என்று வந்ததும் அவர் முகம் ஒன்றும் மாறவில்லை. கூட வந்தவர்களைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார்.

"அம்மணி, மெர்சியை எனக்கும் தெரியுமுங்க. நல்ல பொண்ணு" என்றார். "ஆனா விழா அப்பாவுக்கு. அந்த வரியை மட்டும் மாத்திப்போடுங்க."

"அவங்க எழுதுனதுங்க சார். உள்ளயே பேர் இருக்குதுங்க."

"உள்ள இருக்கட்டும். வெளிய வேண்டாம். நாளைக்குக் காலைல நான் பார்க்கறப்ப இருக்கக் கூடாது." குரலை உயர்த்தவே இல்லை. தோளில் தட்டாத குறையாகச் சிரித்துவிட்டுப் போனார்.

பிரவீனா அங்கேயே நின்றாள். ஒரு வரியை மாற்ற ஒரு நிமிஷம் போதும். பிறகு லேப்டாப்பை மூடினாள். கேபிளைக் கழற்றிச் சுருட்டினாள். இரண்டும் அவளுடைய சொந்தப் பொருட்கள். கம்ப்யூட்டரை ஒரு தடவை அணைத்துப் போட்டாள். டிரைவ் இல்லாததால் பழைய பெட்டி வெறும் நீலத் திரையில் 'ரெடி' என்ற ஒரே வார்த்தையோடு நின்றது. அது எதற்கும் தயாராக இல்லை. நாளைக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள். மேடையில் நடக்கப்போகும் களேபரத்தை நினைத்து லக்ஷ்மி மில்ஸ் நிறுத்தம் வரைக்கும் சந்தோஷமாக இருந்தது.

மறுநாள் ஒரு களேபரமும் நடக்கவில்லை.

சிறப்பு விருந்தினர் வந்தார். நீலத் திரையைப் பார்த்து, இந்தக் காலத்துக்கும் முன்னோடி என்றார். கீபோர்டில் இரண்டு விரலை வைத்துப் படத்துக்கு நின்றார். பதினோரு முனைவர்களும் வரிசையாக வந்து பார்த்தார்கள். ஒருவர் தன் பெயரை அடித்தார். கம்ப்யூட்டர் அதைப் பிழை என்றது. எவ்வளவு துல்லியம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். இன்னொருவர் மாணவர்களைக் கூட்டி வைத்து நிறுவனரின் புரோகிராம் எப்படி ஓடுகிறது என்று பத்து நிமிஷம் விளக்கினார். ஓடாத புரோகிராமை. டிரைவ் எங்கே, வட்டு எங்கே என்று ஒரு ஆள் கேட்கவில்லை. தூணுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பிரவீனாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு அதுவும் வரவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, சேர்மன் அவளை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். மெர்சியின் பெயர் திரையில் இல்லை என்பதை மட்டும் அவர் பார்த்திருந்தார். சொன்னதைச் செஞ்சுபோட்டீங்க அம்மணி, சந்தோஷமுங்க என்று காதோரம் சொன்னார். அவள் சால்வையோடு இறங்கி வந்தாள். கூட்டம் கை தட்டியது.

அன்று சாயங்காலம் மெர்சிக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னாள். தன் செய்கைக்குக் கொஞ்சம் பாராட்டு வரும் என்று அவளுக்கு எதிர்பார்ப்பு இருந்ததை மறைக்க முடியாது.

"கேபிளைக் கழட்டுனா யாருக்குங்க தெரியும்?" என்றார் மெர்சி. "அந்த மேடைல மைக்கு இருந்துச்சல்ல? சால்வையை வாங்கிட்டு இறங்கி வந்துட்டு என்கிட்டச் சொல்றீங்க. நானும் அப்ப இப்படித்தான். லேபுல போய் முணுமுணுப்பேன். மூணு எடை போட்டுக் காட்டறப்ப அதோட நிறுத்தாம இருபத்தொண்ணு வரைக்கும் போட்டிருந்தா வந்தவங்க முன்னாடியே நின்னிருக்கும். செய்யலியே."

பிரவீனாவுக்குச் சுருக்கென்றது. பதினெட்டு வருஷமாக ஒரு பார்வையை வீசிவிட்டு, அதையே பெரிய பதில் என்று நினைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள். பிளக்கைச் செருகத் தெரியாதவர்களை இளக்காரமாகப் பார்த்தவள், வாய் திறக்கத் தெரியாமல் நின்றிருக்கிறாள். மற்றவர்களைப் பார்த்துப் பழகிய அதே கண்ணால் தன்னையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். அது நன்றாக இல்லை.

திங்கட்கிழமை துறைக் கூட்டம். விழா சிறப்பாக நடந்ததைப் பாராட்டித் தீர்மானம் படித்தார்கள். பிரவீனா கை தூக்கினாள். கூட்டத்தில் லேப் இன்ஸ்ட்ரக்டர் கை தூக்குவது வழக்கமில்லை. எழுந்து, விழாவில் அந்தக் கம்ப்யூட்டர் ஓடவில்லை என்றும், வெறும் ரெடியைத்தான் எல்லோரும் பார்த்தார்கள் என்றும், புரோகிராமை எழுதியது டி. மெர்சி என்றும் சொன்னாள். புரோகிராமின் அச்சுப் பிரதியைப் பதினோரு பேருக்கும் ஒவ்வொன்றாகக் கொடுத்தாள். வட்டின் நகலை நூலக சர்வரில் போட்டிருப்பதாகவும், சந்தேகம் உள்ளவர்கள் முதல் வரியைப் படித்துக்கொள்ளலாம் என்றும் சொல்லி உட்கார்ந்தாள். மாணவர்களுக்கு விளக்கம் சொன்னவர் பிரதியைத் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

ஒரு வாரத்தில் அவளைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். காரணம் எழுதவில்லை, நிர்வாக வசதி என்று இருந்தது. இணையதளத்திலும் ஒரு மாற்றம் வந்தது. நிறுவனர் புரோகிராம் 'எழுதினார்' என்று இருந்த இடத்தில் 'எழுதச் செய்தார்' என்று திருத்தினார்கள். பிரவீனா அதை மெர்சிக்குப் படித்துக் காட்டினாள். அவரு எழுதச் சொல்லவே இல்லீங்க, நானாத்தான் எழுதுனேன் என்று மெர்சி சொன்னார். மெர்சியின் பெயர் எங்கேயும் வரவில்லை. ஆனால் சர்வரில் இருக்கும் நகலை நீக்கச் சொல்லி யாரும் வரவில்லை. அதை எப்படி நீக்குவதென்று தெரிந்தவள் தேர்வுப் பிரிவில் இருந்தாள்.

யூனுஸ் பாய் அந்த மாதக் கடைசியில் இன்னொரு அடாரியைக் கொண்டுவந்து கொடுத்தார். பிரவீனா அதையும் ஒரு லேப்டாப்பையும் புதுக் கேபிளையும் சுங்கத்துக்குக் கொண்டுபோய் மெர்சியின் சாப்பாட்டு மேஜையில் வைத்துவிட்டு வந்தாள். எட்டாம் நாள் மத்தியானம், விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் அவள் இருந்தபோது போன் வந்தது.

"உங்க புரோகிராம்ல ஒரு தப்பு இருக்குதுங்க" என்றார் மெர்சி. "எதையும் எழுத விடாம கோப்பைப் பூட்டியிருந்தாலும் சேமிச்சாச்சுன்னு பொய் சொல்லுது. மூணு நாள் அடிச்சது போச்சு."

இருக்காது என்றாள் பிரவீனா. ஆறு வருஷமாக ஓடுகிற புரோகிராம், அப்படி ஒரு தப்பு இருந்தால் தனக்குத் தெரியாமல் போகாது என்றாள். மெர்சி வாதாடவில்லை, பாருங்க என்று சொல்லி வைத்துவிட்டார். வீட்டுக்குப் போனதும் பிரவீனா ஒரு கோப்பைப் பூட்டி வைத்துச் சோதித்தாள். லேப்டாப் எதையும் எழுதாமல், எழுதிவிட்டேன் என்று பழைய பெட்டிக்குப் பதில் சொன்னது. அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு, தப்பு எந்த வரியில் இருக்கிறது என்று மேலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.